இரண்டாவது அச்சு

குளியலறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. துண்டை எடுக்கப் போன ஜோசியர், அந்த இடுக்கு வழியாகத் தன் மனைவியைப் பார்த்துவிட்டு, நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். வாய் திறக்கிற மட்டும் திறந்திருந்தது. நாக்கு வெளியே தள்ளி முகவாயைத் தொடப் பார்த்தது. கண்விழிகள் இரண்டும் மேலே செருகியிருந்தன. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து 'ஹா' என்று ஒரு மூச்சு, சத்தம் என்றும் சொல்ல முடியாமல் காற்று என்றும் சொல்ல முடியாமல் வந்துகொண்டிருந்தது. தூங்கி எழுந்து முகம்கூடக் கழுவாத மனுஷனுக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தால் என்ன ஆகும்? ஜோசியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிப்புதான் என்று நினைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் நாக்கை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டாள். விழிகள் இறங்கி இயல்பான இடத்துக்கு வந்தன. திரும்பாமலே, கண்ணாடியில் தெரிந்த அவரைப் பார்த்து, "பயிற்சி," என்றாள்.

"எதுக்கு?"

"தாடைக்கு."

அவ்வளவுதான். அவளிடமிருந்து ஒரே நேரத்தில் நாலு வார்த்தை வந்தால் அன்றைக்கு மழை வரும் என்று ஜோசியர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவள் உதடுகளை மூடி, கன்னங்களை உப்பவைத்து, உள்ளே இருந்த காற்றை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி உருட்டினாள். பிறகு காதுக்கு முன்னால், தாடை அசைகிற இடத்தில், இரண்டு விரல்களை வைத்து வட்டமாகத் தேய்த்தாள். பல் ஆஸ்பத்திரியில் ஒரு டீச்சர் வந்து சொல்லிக்கொடுக்கிறாராம், வாய் காய்ந்து போகாதாம், தாடை இளகுமாம். இதை அவளிடமிருந்து பிடுங்குவதற்கு அவர் நாலைந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பயம் தெளிந்ததும் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடிக்குள் தானும் நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டிக் காட்டினார். "யாருக்கும்மா பழிப்புக் காட்டுறே? எனக்கா, எதுத்த வீட்டுக்காரிக்கா?" என்று கேட்டார். அவள் உதட்டோரம் லேசாகச் சுருங்கியது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு அவர் துண்டோடு வெளியே வந்தார்.

ஜோசியர் என்றால் கட்டம் போட்டுப் பலன் சொல்கிறவர் இல்லை. பல் லேபில் வேலை செய்கிறவர். நம்மில் பாதிப் பேருக்குப் பல் டாக்டரே பல்லையும் செய்துவிடுகிறார் என்று நினைப்பு. டாக்டர் வாயில் அச்சு எடுப்பதோடு சரி. அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் மேல் தாடை ஒன்றும் கீழ்த் தாடை ஒன்றுமாக டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அச்சை வைத்துக்கொண்டு, பல்லின் மேல் தொப்பி மாதிரி மாட்டுகிற கேப் செய்வது, கட்டுப்பல் செய்வது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்கிற கண்ணாடி மாதிரியான உறை செய்வது எல்லாம் இவர் மாதிரி ஆட்களின் வேலை. டப்பாவின் மேல் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். பல்லுக்குச் சொந்தக்காரர் யாரென்று கடைசிவரை தெரியாது. அந்தச் சௌகரியத்தில்தான் இவருக்குப் பட்டம் வந்தது. அச்சைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இவர் கோர்ட்டுல வாதாடுற ஆளு, முன்பல்லு சொல்லுது," என்பார். "இந்தம்மா பேனாவைக் கடிக்கும். இவன் ஒரு பக்கமாவே மெல்லுவான், மறு பக்கம் எப்பவோ வலிச்சிருக்கு, பயம் போகலை," என்பார். சரியா தப்பா என்று சரிபார்க்க வழி இல்லை. அதனால் எப்போதும் சரியாகவே இருந்தது. மேஜைக்கு எதிரே பாலிஷ் போடுகிற பெரியவரும், மெழுகு வேலை செய்கிற பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பல்லு ஜோசியர் என்று முதலில் சொன்னது அந்தப் பெண்தான். நாளடைவில் பல்லு உதிர்ந்துபோய் ஜோசியர் மட்டும் நின்றது.

லேபில் சொன்னதை எல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது மனைவியிடம் இன்னொரு தரம் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே பரிமாறுவாள். உறவுக்காரர்கள் வந்தாலும் அதே கச்சேரிதான். "எங்க வீட்டுக் கல்லுளிமங்கிக்கும் சேத்து நானே பேசிடுறேன்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் பார்த்துக்கொள்வதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் அவள் வயிற்றில் இருந்த குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று, வீட்டு வாசலில் நின்றபோதே அவர் முடிவு செய்துவிட்டார், இந்த வீட்டில் அழுகை கூடாது என்று. விசாரிக்க வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்பினார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஆஸ்பத்திரி காபியின் லட்சணத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "நான் மட்டும் இல்லேன்னா அவ உடைஞ்சு போயிருப்பா," என்று தன் அண்ணனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. பிறகு குழந்தையும் இல்லை. தான் செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான் என்று மனசுக்குள் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அன்று லேபுக்குப் போனதும் முதல் வேலையாக, காலையில் பார்த்த காட்சியை நடித்துக் காட்டினார். நாக்கை நீட்டி, கண்ணைச் செருகி, 'ஹா' என்று மூச்சு விட்டு, ஒன்றுவிடாமல் செய்தார். மெழுகுப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பெரியவர் மட்டும், "வாய்க்கு நல்லதுதானேப்பா, நீயும் செய்யேன்," என்றார். "எனக்கெதுக்கு, என் தாடைக்குத்தான் நாள் முழுக்கப் பயிற்சி இருக்கே," என்று அவர் சொன்னதற்கு இன்னொரு சிரிப்பு விழுந்தது. அந்தச் சூட்டோடுதான் அன்றைய டப்பாக்களைப் பிரித்தார். மூன்றாவதோ நான்காவதோ பிரித்த டப்பாவில் நைட் கார்டு வேண்டி ஒரு ஜோடி அச்சு இருந்தது. கீழ்த் தாடையைக் கையில் எடுத்தவர் விசிலடித்தார்.

கடைவாய்ப் பல் என்றால் மேலே மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டும். இதில் மேடே இல்லை. எல்லாப் பல்லும் தேய்ந்து வழித்துவிட்ட மாதிரி இருந்தது. முன்பற்களின் விளிம்பு கத்தரித்த காகிதம் போல ஒரே நேர்கோடு. ஜோசியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிற மாதிரி அச்சைத் தூக்கிப் பிடித்தார். "பாத்துக்குங்க. இது சாப்பிட்டுத் தேஞ்ச பல்லு இல்ல. இவங்க வெறும் வாயையே அரைச்சிருக்காங்க. தாடை சின்னது, அப்ப இது ஒரு அம்மாதான். பகல்ல வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத அம்மா." கட்டைவிரல் பற்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. "இந்தச் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். அப்படிப்பட்ட சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ஒருத்தன் தூங்குறான்னா, ஒண்ணு அவன் செவிடனா இருக்கணும், இல்ல செத்தவனா இருக்கணும்." பெரியவர்கூடச் சிரித்துவிட்டார். ஜோசியரும் சிரித்துக்கொண்டே விரலை இடது பக்கத்துக் கடைவாய்ப் பல்லின் உட்புறமாக, நாக்கு படுகிற பக்கமாக இறக்கினார். அங்கே ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. நகக்கீறல் அளவுக்கு, பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம்.

விரல் அங்கேயே நின்றது. பல்லில் தானாக அப்படி ஒரு பள்ளம் வராது. அது ஒரு கேப், அதைச் செய்தவன் வேண்டுமென்றே கீறிய கீறல். இவர் வாழ்நாளில் ஒரே ஒரு கேப்பில்தான் அப்படிக் கீறியிருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு ஒரு கடைவாய்ப் பல் பிளந்துபோய், பழைய டாக்டர் ஒருவர் அச்சு எடுத்து அனுப்ப, இவரே உட்கார்ந்து கேப் செய்து, மேல் பல் இடிக்காத உட்புறமாகப் பார்த்து ஒரு பிறையைக் கீறி வைத்தார். "நாக்கால தடவிப் பாரு, அங்க நான் உக்காந்திருக்கேன்," என்று அவளிடம் சொன்னார். அவசரமாக மேல் தாடையை எடுத்துத் திருப்பினார். முன்பல்லுக்கு அடுத்த பல் ஒன்று கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் மனசில் நின்றது அந்தத் திரும்பிய பல்தான். சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் கையில் இருந்தது அவர் மனைவியின் வாய்.

"அப்புறம் என்ன சொல்லுது ஜோசியரே?" என்று மெழுகுப் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை," என்றார். முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பை எதிர்பார்த்துத் தயாராக இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலையில் குனிந்தார்கள்.

செவிடனா, செத்தவனா? அவரே சொன்னது அவருக்கே திரும்பி வந்தது. இரண்டும் இல்லை, கூடத்தில் அவள் படுக்கிறாள், அறையில் இவர் படுக்கிறார். குறட்டை தாங்கவில்லை என்று எத்தனையோ வருஷம் முன்னால் அவள் பாயைத் தூக்கிக்கொண்டு போனாள். அதையும் இவர் ஒரு வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தார். இப்போது யோசித்தால், அவள் குறட்டைக்காகப் போனாளா, தன் சத்தம் இவருக்குக் கேட்கக் கூடாது என்று போனாளா? ஆனாலும் கை வேலையை விடவில்லை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் அழுத்தி, ஓரங்களை வெட்டி, தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பல் எப்படிப் பிளந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டில் கல்லைக் கடித்துவிட்டேன் என்றாள். குழந்தை தங்காமல் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கல்லைக் கடித்தால் பல்லின் ஓரம் தெறிக்கும், அவ்வளவுதான். நடுவில் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளக்காது. அப்படிப் பிளக்க வேண்டுமென்றால் ராத்திரி ராத்திரியாகப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இது லேபில் சேர்ந்த புதுசிலேயே தெரிந்துகொள்கிற விஷயம். அந்த அச்சும் இதே கையில்தான் இருந்தது. பார்த்துவிட்டு, ஒரு பிறையைக் கீறி, தமாஷ் பண்ணி அனுப்பிவிட்டார். கல்லுளிமங்கி கல்லையே கடித்துவிட்டாள் என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. கையில் இருந்த அரைக்கிற மெஷினை அணைத்து மேஜையில் வைத்தார்.

வேலை முடிந்ததும், கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளிடம் கொடுக்காமல், டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவரை லேப்காரர் என்றுதான் தெரியும், யாருடைய புருஷன் என்று தெரியாது. உள்ளே ஒரு கூடத்தில் ஏழெட்டுப் பேர் நாற்காலிகளை ஜோடி ஜோடியாக எதிரெதிரே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உதட்டைக் குவித்தால் எதிரில் இருப்பவரும் குவித்தார். ஒருவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாயை மெல்லத் திறந்தால் எதிரில் இருப்பவரும் அதே அளவுக்குத் திறந்தார். காலையில் இவர் லேபில் நடித்துக் காட்டிய அதே முகங்கள். யாரும் சிரிக்கவில்லை. வழுக்கைத் தலை ஆள் ஒருவர் தன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற கவனத்தோடு கன்னத்தை உப்பினார். பயிற்சி கொடுக்கிற டீச்சர் இவரைப் பார்த்து வெளியே வந்தார். டப்பாவைக் கொடுத்த ஜோசியர், தொழில் விசாரணை மாதிரி, இந்த நம்பர்காரருக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்டு வைத்தார்.

"ரெண்டு விரல் நுழையறதே கஷ்டம் அண்ணா," என்றார் டீச்சர். "இதுவாவது கொஞ்ச நாள் தாங்கணும். முதல்ல செஞ்சு கொடுத்தீங்களே, அதைக் கடிச்சே ஓட்டை போட்டுட்டாங்க."

ஜோசியருக்கு முதலில் புரியவில்லை. "முதல்லயா? எங்க லேபுலயா?"

"உங்க லேபுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். எங்க அச்செல்லாம் உங்ககிட்டதானே வருது." டீச்சர் டப்பாவின் மூடியைத் திறந்து உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கார்டு பல்லைத்தான் காப்பாத்தும். தாடை இளகணும்னா பயிற்சி செய்யணும். தனியா செஞ்சா பாதி பலன்தான், வீட்டுல யாராவது எதிர்ல உக்காந்தா நல்லதுன்னு சொன்னேன். எங்க வீட்டுல கண்ணாடி இருக்குன்னுட்டாங்க."

டீச்சர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜோசியருக்குக் காது அடைத்துக்கொண்டது. சரி என்று தலையாட்டினாரா, போய்வருகிறேன் என்று சொன்னாரா என்றுகூட அவருக்கு நினைவில்லை. தெருவுக்கு வந்து, பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார். முதல் கார்டுக்கு வந்த அச்சு. அதுவும் இதே கையில், இதே கட்டைவிரலில் இருந்திருக்கிறது. அதே பிறை அதில் இருந்திருக்கும். அன்றைக்கு எந்த அவசரத்தில் இருந்தாரோ, நாக்குப் பக்கம் விரலே போகவில்லை. ஆனால் பலன் மட்டும் சொல்லியிருக்கிறார். அதை நினைத்ததும் நடை தானாக நின்றது. அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தார், இன்னைக்கு ஒரு அச்சு வந்துச்சு பாரு, மெஷின் தோத்துடும், அப்படி ஒரு அரைப்பு என்று. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள். அவள் கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால்தான் அது இன்னும் மனசில் இருக்கிறது. "அவங்களுக்கு என்ன கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டாள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்ன பெரிய கஷ்டம், புருஷனைக் கடிக்க முடியல, பல்லைக் கடிக்கிறா," என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். உதட்டோரம் சுருங்கிய அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருஷமாக இவர் சிரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார். நடைபாதையில் நின்றுகொண்டிருந்தவர் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். யாரோ ஒருவர் குனிந்து உடம்புக்கு முடியலையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் இன்னும் வரவில்லை. வழக்கமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுகிற மனுஷன், விளக்கைக்கூடப் போடாமல் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேற்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பேச்செல்லாம் சிரிக்க வைக்கிற பேச்சுதான். மற்றது எதுவும் இந்த வாயில் வந்ததே இல்லை. குழந்தைப் பேச்சை எடுத்தால் அவள் என்ன செய்வாளோ என்று பயமாக இருந்தது, எடுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு அவர் இருக்கும்போதுதான் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் வட்டமான டப்பா இருந்தது. அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து வந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டின் மூடியையும் திறந்தாள். புதியது பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பழையது மஞ்சள் பூத்து, தேய்ந்து, கடைவாய்ப் பக்கம் இரண்டிலும் விரல்நுனி போகிற அளவுக்கு ஓட்டை விழுந்து கிடந்தது.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"முதல் தடவையே பாத்துடுவீங்கன்னு நெனச்சேன். அந்த டாக்டர்கிட்ட அச்செல்லாம் எங்க போகுதுன்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறந்தேன். பல்லைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்னு சொல்வீங்களே." குரலில் கோபம் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடமே விடாமல், தாடை அசையாமல் பேசினாள். அவள் எப்போதுமே இப்படித்தான் பேசுகிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. "அன்னைக்கு வந்து சொன்னீங்க. சரி, இனிமே அனுப்ப வேண்டாம்னு இருந்தேன். இது ஓட்டை ஆயிடுச்சு."

ஜோசியரின் வாய் திறந்தது. அந்த நேரத்திலும், கடவுளே, அந்த நேரத்திலும் நாக்கு நுனியில் ஒரு தமாஷ்தான் வந்து நின்றது. ஓட்டை போட்டவளுக்கே இன்னொன்றா என்கிற மாதிரி ஏதோ ஒன்று. அது வந்து நின்றதை உணர்ந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டார். "எதிர்ல ஒருத்தர் உக்காரணுமாமே," என்று மட்டும் சொன்னார்.

அவள் நம்பாமல் பார்த்தாள். அவர் மறுபடியும் அவளைக் கேலி செய்யப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். பிறகு மெதுவாக எதிரே உட்கார்ந்தாள். "உதடு சேந்திருக்கணும்," என்றாள். "பல்லு சேரக் கூடாது. நாக்கை மேல ஒட்டி வச்சுக்கணும். நான் என்ன செய்யறேனோ அதைச் செய்யணும்."

"பேசக் கூடாதா?"

"நாக்கு மேல இருந்தா பேச்சு வராது."

அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினார். இத்தனை லேசான காரியம் இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நாக்கு நழுவி நழுவிக் கீழே வந்தது, ஏதாவது சொல்லத் துடித்தது. அவள் காதுக்கு முன்னால் விரல்களை வைத்துத் தேய்த்தாள். அவரும் தேய்த்தார். அவள் கண்களை மூடினாள். அவருக்கு மூடத் தோன்றவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை எலும்பின் மூலையில் தசை உருண்டு கெட்டியாக நிற்பது தெரிந்தது. அவள் விரலுக்குக் கீழே அது கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. கீழ்த் தாடை மெல்ல இறங்கியது. கொஞ்சம் நின்று, இன்னும் கொஞ்சம் இறங்கியது. உள்ளே இடப்பக்கம் அந்தக் கேப் தெரிந்தது. அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அது பொண்ணு."

காதுக்கு முன்னால் தேய்த்துக்கொண்டிருந்த ஜோசியரின் விரல்கள் நின்றன.

"உங்களுக்குத் தெரியாது. நீங்க கேக்கவே இல்ல. வெளியில நர்சம்மாவைச் சிரிக்க வச்சுட்டு இருந்தீங்க. உள்ள எனக்குக் கேட்டுச்சு. ஒரு தடவை கையில கொடுத்தாங்க. உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். இதையும் ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு பயம்." அவள் நிறுத்தினாள். "கொஞ்சம் முடி இருந்துச்சுங்க. நெத்தியில ஒட்டிட்டு இருந்துச்சு."

இத்தனை வருஷமாக, நினைவுக்கு வரும்போதெல்லாம், அவர் அதை 'அது' என்றே நினைத்திருந்தார். ஆணா பெண்ணா என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. மகள். முடி இருந்த மகள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு மேலண்ணத்தை விட்டு விலகப் பார்த்தது. அவர் அதைப் பலமாக ஒட்டிக்கொண்டார். அவள் சொல்லி முடிக்கவில்லை என்று தெரிந்தது. இன்னும் எவ்வளவோ இருந்தது, அவளுக்குத்தான் வாய் போதவில்லை. சொல்லப் போன வார்த்தைகள் வெறும் காற்றாக வந்தன. அவள் கண்களைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு, காலையில் கண்ணாடிக்கு முன்னால் செய்ததை மறுபடியும் செய்தாள். விழிகளை மேலே ஏற்றி, வாயைத் திறக்கிற மட்டும் திறந்து, நாக்கை வெளியே நீட்டினாள். தொண்டையிலிருந்து அந்த 'ஹா' வந்தது. இந்தத் தடவை அதில் சத்தம் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து, திடுக்கிட்டுத் திரை இழுபட்டது. ஜோசியர் அதைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகம் என்ன செய்ததோ அதைத் தன் முகமும் செய்ய விட்டார். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில், இரண்டு பேரும் எதிரெதிரே நாக்கை நீட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கன்னத்தில் வழிந்து வந்தது உதட்டைத் தாண்டி நாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நாக்கிலும் உப்புக் கரித்தது.